கிளென்மார்கன் புல்வெளி எரிந்துபோன காடு அல்ல

நீலகிரியின் புல்வெளிகளைப் பற்றி ஒரு கதை நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லப்பட்டு வருகிறது. பீடபூமி முழுவதும் ஒரு காலத்தில் சோலைக்காடாக அடர்ந்து கிடந்ததாம். எருமை மேய்க்க வந்த தோடர்கள் புல் வேண்டித் தீ வைத்தார்களாம். காடு சுருங்கி ஓடை மடிப்புகளுக்குள் ஒதுங்க, மிஞ்சிய மொட்டை மேடுகள்தான் இன்று நாம் பார்க்கும் புல்வெளியாம். மரம் நடுவிழா மேடைகளில் இதைக் கேட்கலாம். சுற்றுலா வாகனம் ஓட்டுபவர் சொல்வார். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சூழல் மன்றத்தில் ஆசிரியர் சொல்வார். நல்லெண்ணத்தோடுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இந்தக் கதையைக் கேட்டவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை: வெறுமையாகக் கிடக்கிறது, மரம் நடு, மலைக்கு அதன் பழைய உடையைத் திருப்பிக் கொடு.

இந்தக் கதை தவறு. ஓரத்தில் சற்றுப் பிசகியிருக்கிறது என்று சொல்லவில்லை. அடிப்படையே தவறு என்கிறேன். அதை மறுக்கும் ஆவணம் கிளென்மார்கனுக்கு அருகிலேயே, சாண்டிநல்லா சதுப்பின் கறுப்புச் சேற்றில், பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து கிடக்கிறது. அதை எடுத்துப் படித்த அறிவியலாளர்களின் முடிவுகள் அச்சாகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனாலும் மேடையில் ஒலிப்பது பழைய கதைதான்.

கிளென்மார்கன் ஊட்டிக்கு வடமேற்கே, பீடபூமி முடிந்து முதுமலைக் காட்டுக்குள் செங்குத்தாக இறங்கும் விளிம்பில் இருக்கிறது. தேயிலைத் தோட்டம், மின்வாரியக் குடியிருப்பு, நீர் தேக்கும் குளம், அதிலிருந்து சிங்காரா மின்நிலையத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி கீழே இறங்கும் ராட்சதக் குழாய்கள், அவற்றின் அருகே தண்டவாளத்தில் ஏறியிறங்கும் விஞ்ச் ஆகியவைதான் வெளியூர்க்காரருக்குத் தெரிந்த கிளென்மார்கன். அவற்றைச் சுற்றிக் கிடக்கும் புல்மேடுகளை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. புல்வெளி ஒரு பின்னணி, அவ்வளவே. ஒன்றைப் பின்னணியாகப் பார்த்துப் பழகிவிட்டால் அதை அழிப்பது எளிதாகிவிடுகிறது.

கதையின் வேரைத் தேடிப் போனால் 1938ஆம் ஆண்டு கண்ணில் படுகிறது. இந்திய வனத்துறையாளர்களின் இதழான 'இந்தியன் ஃபாரஸ்டர்' அந்த ஆண்டில் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டது. ஒன்றை எழுதியவர் என்.எல். போர் என்ற தாவரவியலாளர். தீயும் மேய்ச்சலும் தடுக்கப்பட்டால் புல்வெளி மெல்ல மெல்லக் காடாகிவிடும், ஆகவே புல்வெளி மனிதன் உண்டாக்கியது என்பது அவர் வாதம். மற்றொன்றை எழுதியவர் வன அதிகாரி சி.ஆர். ரங்கநாதன். இந்தப் புல்வெளி மலையின் தட்பவெப்பத்துக்கு இயல்பாகவே உரியது, உறைபனிதான் மரங்களைச் சோலையின் எல்லைக்குள் நிறுத்தி வைக்கிறது என்று அவர் எழுதினார். இருவரும் கண்ணால் கண்டதை வைத்துத்தான் வாதிட்டார்கள். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த மேட்டில் என்ன முளைத்திருந்தது என்று அறிய அன்று வழி கிடையாது. ஆனால் நடைமுறையில் போரின் கருத்தே வென்றது. காடு வளர்ப்பதே வேலையாக இருந்த ஒரு துறைக்கு, புல்வெளியை 'இழந்த காடு' என்று கொள்வது வசதியாக இருந்தது. நிலவரிக் கணக்கிலும் அது தரிசாகவே எழுதப்பட்டு வந்தது.

சேற்றின் சாட்சியம் பிறகு வந்தது. நீலகிரியில் மேடுகளுக்கு இடையே நீர் வடியாத தாழ்வுகள் உண்டு. அங்கே மடிந்த புல்லும் கோரையும் காற்றுப் படாமல், முழுதாக மட்காமல், ஆண்டுக்கு ஆண்டு ஒன்றின்மேல் ஒன்றாக அமுங்கிக் கறுத்துக் கிடக்கும். புவியியலாளர் இதைப் பீட் என்பார்கள். குளிர்நாடுகளில் இது ஏராளம். வெப்பமண்டல மலையில் அரிது. யானை ஆய்வாளராகவே பலருக்கும் தெரிந்த, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இராமன் சுகுமார், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்தின் ஜி. ராஜகோபாலன் ஆகியோர் இந்தப் பீட்டை அடுக்கடுக்காக எடுத்துச் சோதித்தார்கள். 1993இல் 'நேச்சர்' இதழில் 20,000 ஆண்டுகளின் வரலாறு வந்தது. 1997இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அதே வரலாறு 40,000 ஆண்டுகள் வரை நீட்டப்பட்டது. கதிரியக்கக் கார்பனைக் கொண்டு காலம் கணிக்கும் முறையே ஏறத்தாழ அந்த எல்லையில்தான் தளர்ந்துபோகும். கருவி எட்டுகிற தொலைவு வரைக்கும் போய்ப் பார்த்தார்கள் என்று பொருள்.

அவர்கள் படித்த முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனெனில் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. காற்றிலுள்ள கார்பனில் பெரும்பகுதி 12 என்ற எடை கொண்டது. நூற்றில் ஒரு பங்கு 13 என்ற சற்றே கனமான வகை. இத்தகைய எடை வகைகளை ஐசோடோப்பு என்பார்கள். செடிகள் கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுக்கும்போது கனமானதைக் கொஞ்சம் ஒதுக்கிவிடும். எல்லாச் செடியும் ஒரே அளவில் ஒதுக்குவதில்லை. மரங்களும் புதர்களும் குளிர்ப் பகுதிப் புற்களும் சேர்ந்த சி-3 வகை நிறைய ஒதுக்கும். வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் புற்களான சி-4 வகை குறைவாகவே ஒதுக்கும். ஆய்வகக் கணக்கில் முதல் வகை ஆயிரத்துக்கு −27 என்ற அளவைச் சுற்றியும், இரண்டாம் வகை −13ஐச் சுற்றியும் நிற்கும். செடி மடிந்து சேறாகி இருபதாயிரம் ஆண்டு கடந்தாலும் இந்த வேறுபாடு பெரிதாக அழிவதில்லை. ஆகவே சேற்றின் ஓர் அடுக்கை எடுத்துப் பொறியில் இட்டால், அந்த அடுக்கு படிந்த காலத்தில் சுற்றுப்புறத்தில் மேலோங்கியிருந்த தாவரம் எது என்பது தெரிந்துவிடும்.

தெரியவந்தது இதுதான். பனியூழியின் பிற்பகுதியில், இன்றைக்குச் சுமார் 16,000 ஆண்டுகளுக்கு முன், பருவமழை தளர்ந்து மலை வறண்டிருந்தபோது, சி-4 புற்களே இங்கு ஆட்சி செய்தன. பிறகு பருவமழை வலுத்தது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்னர் அடையாளம் சி-3 பக்கம் வேகமாகச் சாய்ந்தது. 5,000 ஆண்டுகளுக்கு முன்வாக்கில் மீண்டும் வறட்சி, மீண்டும் சி-4 புல். சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் குறுகிய ஓர் ஈரக் கட்டம். மழை கூடியபோது புல் பின்வாங்கியது, மழை குறைந்தபோது முன்னேறியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலிருந்து ஜி. வசந்தி 1988இல் வெளியிட்ட ஆய்வு இதே சாண்டிநல்லாச் சேற்றின் மகரந்தத்தைப் பார்த்தது. மேட்டுநிலப் புல்வெளியின் நீண்ட வரலாறே அதன் பொருள். மகரந்தம் ஒரு வழியில் சொன்னதை ஐசோடோப்பு வேறொரு வழியில் வந்து உறுதி செய்தது.

இனி காலக்கணக்கைப் பாருங்கள். நீலகிரிப் பீடபூமியில் இதுவரை அறியப்பட்ட தொன்மையான மனிதத் தடயங்கள் கல்வட்டங்களும் ஈமக்குழிகளும்தான். நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ஜே.டபிள்யூ. பிரீக்ஸ் தோண்டி எடுத்த வெண்கலக் கிண்ணங்களும் சுடுமண் உருவங்களும் இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவருடைய நூல் 1873இல் வந்தது. இந்தத் தடயங்களின் காலம் பெரும்பாலும் கடந்த இரண்டாயிரம், இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். மேய்ப்பர்கள் வந்து தீ வைத்துக் காட்டை அழித்தார்கள் என்றால், அவர்கள் வருவதற்குப் பதின்மூன்றாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் கோலோச்சியதை எப்படி விளக்குவது? 'முதலில் காடு, பிறகு தோடர், பிறகு புல்' என்ற வரிசையை இந்தச் சேறு ஏற்கவில்லை. புல்தான் முன்னால் வந்தது. எருமைகள் பல்லாயிரம் ஆண்டு கழித்து, ஏற்கெனவே விரிந்து கிடந்த மேய்ச்சலைத் தேடி ஏறின.

மறுதரப்பின் வலிமையான கேள்விகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். முதல் கேள்வி இது: கற்கால மனிதன் அதற்கு முன்னரே மலைக்கு வந்து தீ வைத்திருக்கக் கூடாதா? தென்னிந்தியாவில் மனித இனத்தின் தொன்மை சிறியதல்ல. சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகளின் வயது பதினைந்து லட்சம் ஆண்டு வரை போகிறது என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் 'சயின்ஸ்' இதழில் காட்டினார்கள். சமவெளியில் இத்தனை காலம் அலைந்தவர்கள் மலையில் கால் வைத்ததே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வேட்டைக்கு வந்திருக்கலாம், இரண்டொரு நாள் தங்கியிருக்கலாம். ஆனால் வழிப்போக்கான வேட்டைக்காரர் மூட்டிய நெருப்பு ஒரு பீடபூமி முழுவதையும் புல்லாக மாற்றிப் பல்லாயிரம் ஆண்டு அப்படியே வைத்திருக்க வேண்டுமானால், அந்த நெருப்புக்குப் பருவமழையின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகும் ஒழுங்கு இருந்திருக்க வேண்டும். மழை வலுத்தபோதெல்லாம் தீ வைப்பதை நிறுத்தி, மழை தளர்ந்தபோதெல்லாம் மீண்டும் தொடங்கினார்கள் என்று கொள்ள வேண்டும். அரபிக்கடலின் அடிச்சேறு சொல்லும் பருவமழை வரலாற்றோடு நீலகிரியின் சேறு பெரிதும் ஒத்துப்போகிறது. கடலடியில் யாரும் எருமை மேய்க்கவில்லை.

இலங்கையைப் பார்ப்பதும் பயன் தரும். அங்கே ஹோர்ட்டன் சமவெளியில் இதே போன்ற மேட்டுப் புல்வெளி, இதே போன்ற சதுப்பு, இதே சர்ச்சை. அதன் சேற்றை ஆராய்ந்த பிரேமதிலக, பனியூழி முடியும் தறுவாயிலேயே மனிதக் கைவரிசையின் அறிகுறிகள் தென்படுவதாக வாதிட்டார். அதை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் அவர் சொல்லும் வரலாற்றிலும் பருவமழையின் ஏற்ற இறக்கம் முக்கியமான பாத்திரம். மனிதன் அதனுள் நுழைந்து வேலை செய்கிறான். அதே தீவில் ஃபாஹியன் குகை, பட்டதொம்பலெனா முதலிய இடங்களில் கிடைத்த பழைய மனிதப் பற்களின் கார்பனைச் சோதித்து, அவர்கள் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்ததை பேட்ரிக் ராபர்ட்ஸ் குழுவினர் 2015இல் காட்டினார்கள். மழைக்காட்டில் ஆதி மனிதன் பிழைக்க முடியாது என்று அதற்கு முன் பலர் உறுதியாக எண்ணியிருந்தார்கள். ஆதி மனிதன் போன இடமெல்லாம் காட்டைத் திறந்த வெளியாக்கித்தான் வாழ்ந்தான் என்ற நம்பிக்கை நம் தலைக்குள் ஆழமாக இருக்கிறது. பற்களின் கார்பன் அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை.

இரண்டாவது கேள்வி கூர்மையானது. 'சரி, வறண்ட காலத்தில் புல் இருந்தது. இன்று மழை போதுமான அளவு பெய்கிறது. இந்த மழைக்குக் காடு வளர வேண்டுமே? வளரவில்லை என்றால் அதைத் தடுப்பது தீயும் மேய்ச்சலும்தானே?' போர் கேட்டதும் கிட்டத்தட்ட இதையே. இதற்கான பதில் டிசம்பர், ஜனவரி மாத விடியலில் தலைகுந்தாவில் வெள்ளையாகக் கிடக்கும். ஆண்டுதோறும் நாளிதழ்கள் அதைப் படம் பிடித்து முதல் பக்கத்தில் போடுகின்றன: உறைபனி. தெளிந்த குளிர்கால இரவில் திறந்த தாழ்வுகளில் குளிர்காற்று இறங்கித் தேங்கும். புல்லின் நுனி கருகினாலும் அதன் உயிர் மண்ணுக்கடியில் இருப்பதால் அடுத்த மழைக்கு மீண்டும் துளிர்த்துவிடும். சோலை மரத்தின் இளங்கன்று அப்படியல்ல, உறைந்தால் முடிந்தது. சோலைக்குள் இருக்கும் கன்றுக்கு மேலே கூரைபோல் இலைகள் இருக்கின்றன. ஓரடி தள்ளி வெளியே முளைத்ததற்கு ஒன்றுமில்லை. பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் இதைக் களத்தில் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். சோலைக் கன்றுகள் புல்வெளியின் உறையும் இரவுகளைத் தாக்குப்பிடிக்கத் திணறின. அயல்நாட்டுச் சீகை மரக் கன்றுகளோ தாக்குப்பிடித்தன. 1938இல் ரங்கநாதன் கண்ணால் பார்த்து எழுதியதை எண்பது ஆண்டு கழித்து அளந்து காட்டியிருக்கிறார்கள்.

ஆக, இன்றைய மழைக்குள்ளும் புல்வெளிக்குத் தனக்கென நியாயமான இடம் உண்டு. சோலையும் புல்லும் ஒன்றை ஒன்று தின்று தீர்க்காமல் பக்கத்துப் பக்கத்தில் நிலைத்து நிற்கின்றன. தீ இதில் பங்கே வகிக்கவில்லை என்று நான் வாதிடவில்லை. தோடர்கள் காய்ந்த புல்லைப் பருவம் பார்த்துக் கொளுத்தினார்கள் என்பது உண்மை. புதுப்புல் வர, உண்ணி குறைய, புதர் மண்டாதிருக்க அதைச் செய்தார்கள். சில சரிவுகளில் சோலையின் எல்லையை அந்தத் தீ பின்னுக்குத் தள்ளியும் இருக்கும். பீடபூமியின் எல்லா மூலைகளும் ஒரே விதமாக மாறிவரவில்லை என்பதையும் மண்ணாய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஏற்கெனவே இருந்த ஒன்றைப் பராமரித்ததும், இல்லாத ஒன்றை உண்டாக்கியதும் வேறு வேறு செயல்கள். முதலாவதைச் செய்தவர்கள்மேல் இரண்டாவதன் பழியைப் போட்டு, அவர்களது தீயைக் குற்றமாக்கி, அவர்களது மேய்ச்சல் நிலத்தில் மரத்தை நட்டுவிட்டோம். தோடர் குடியிருப்புகளான மந்துகளைச் சுற்றி எருமைகள் குறைந்து வருவதற்கும், அவர்களுடைய கோயில்களுக்குக் கூரை வேயும் சதுப்புப் புல் கிடைக்காமல் போவதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஒரு சிறிய சமூகத்தை மலையை அழித்தவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது அநீதி. அந்த அநீதிக்கு அறிவியல் ஆதரவு இருப்பதாகச் சொன்னது அதைவிடக் கொடிய செயல்.

ஐசோடோப்புச் சான்றை என் பக்கத்துக்குச் சாதகமாக மட்டும் பயன்படுத்துவதும் சரியல்ல என்பதால் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். சி-3 அடையாளம் கூடியது என்றால் காடு பரவியது என்று நேராகப் பொருள் கொள்ள முடியாது. குளிர்ப் புற்களும் கோரைகளும் சி-3 வகையைச் சேர்ந்தவையே. சேறு சதுப்பிலேயே பிறப்பதால் சதுப்புச் செடிகளின் குரல் அதில் ஓங்கி ஒலிக்கும். இன்னும் ஒன்று: பனியூழியின் உச்சத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 180, 190 பங்கு அளவில்தான் இருந்தது. அந்தக் குறைவே சி-4 புற்களுக்கு உதவியிருக்கும், வறட்சி மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. இந்த எச்சரிக்கைகள் எந்தப் பக்கம் வெட்டுகின்றன என்று யோசியுங்கள். முதலாவது, ஈரமான காலங்களில்கூட மலை முழுக்கக் காடாகிவிட்டது என்ற ஊகத்தைத்தான் பலவீனமாக்குகிறது. இரண்டாவது, புல்வெளியின் இன்றைய ஆபத்தைச் சுட்டுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 280ஆக இருந்த அந்த அளவு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கூடுதல் கார்பனும் வெப்பமும், உறைபனி குறைவதும் சேர்ந்து மரத்துக்கும் புதருக்கும் சாதகமாக வேலை செய்யும். நீலகிரியின் தாவரங்கள் இப்படி நகரக்கூடும் என்று சுகுமாரும் ரமேஷும் 1995இலேயே எழுதினார்கள். காற்றே புல்லுக்கு எதிராகத் திரும்பியிருக்கும் காலத்தில், நாமும் குழி தோண்டிக் கன்று நட்டு அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த மலைக்கே உரிய உயிர்களும் சாட்சி சொல்லும். வரையாடு நம் மாநில விலங்கு. பழைய வகைப்பாடு அதை இமயத்துத் தார் ஆட்டின் தம்பி என்று வைத்திருந்தது. 2005இல் வந்த மரபணு ஆய்வு அது செம்மறியின் கிளைக்கே நெருங்கியது என்று காட்டியது. அந்தப் பிரிவு பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்தது. வரையாடு காட்டுக்குள் வாழாது. பாறையும் புல்லும் வேண்டும். நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை தென்னிந்தியாவின் உயர்ந்த மலைப் புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அது கூடு வைப்பது புல்லுக்கடியில். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி திறந்த சரிவில் வெயில் குடித்து வளர்வது. புல்மேட்டில் தனியாக நிற்கும், சிவந்த பூப்பூக்கும் ரோடோடென்ட்ரானின் உறவினர்கள் இமயத்தில் இருக்கிறார்கள். இத்தனை உயிர்கள் உடலையும் பழக்கத்தையும் புல்வெளிக்கென்றே வடித்துக்கொள்ள இரண்டாயிரம் ஆண்டு எந்த மூலைக்குப் போதும்? புல்வெளி நேற்றுப் பிறந்தது என்பவர்கள் வரையாட்டின் வயதுக்கு விளக்கம் தர வேண்டும்.

இனி மரம் நட்ட கதைக்கு வருகிறேன். இங்கே கிளென்மார்கனுக்கென்று தனிச் சான்று உண்டு. கற்பூர மரமும் சீகை மரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்துவிட்டன. முதலில் விறகுக்காக நட்டார்கள். விடுதலைக்குப் பின் தோல் பதனிடும் பட்டைக்காகவும், சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் கூழுக்காகவும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள். நட்ட இடம் பெரும்பாலும் புல்வெளி. சோலையை வெட்ட மனம் வராதவர்களுக்கும் புல்லை உழ மனம் வந்தது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அரசுமணி குழுவினர் 2018இல் காட்டினார்கள். நீலகிரியின் நிலைமையும் தேறவில்லை.

மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் உதகை மையம் கிளென்மார்கனில் ஒரு சோதனை செய்தது. இந்திய நீரியல் வரலாற்றிலேயே பொறுமையான சோதனைகளுள் அதுவும் ஒன்று. அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டும் இயற்கைப் புல்வெளி. இரண்டிலிருந்தும் ஓடிவரும் நீரைச் சில ஆண்டுகள் அளந்து ஒப்பிட்டுக்கொண்டார்கள். பிறகு 1972இல் ஒன்றின் பரப்பில் 59 சதவீதத்தில் கற்பூர மரத்தை நட்டார்கள். மற்றதைப் புல்லாகவே விட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட நீர்ப்பிடிப்பின் ஆண்டு நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடியிலிருந்து மீண்டும் தளிர்க்க விட்ட இரண்டாம் சுழற்சியில் குறைவு ஏறத்தாழ கால் பங்கானது. சாம்ராஜ், ஷர்தா முதலியோர் இதை 1988இலும் 1998இலும் பன்னாட்டு நீரியல் இதழில் வெளியிட்டார்கள்.

அந்த அளவுகளைத் திரும்பப் படியுங்கள். பாதிக்குச் சற்று மேற்பட்ட நிலத்தில் மரம் நட்டதற்கே கால் பங்கு நீர் போயிற்று. மரம் மழையைக் கொண்டுவரும், மரம் நீரைச் சேமிக்கும் என்று நாம் மனப்பாடமாகச் சொல்வதற்கு இந்த மலையின் இந்த விளிம்பிலேயே அளந்து எழுதிய மறுப்பு இருக்கிறது. அந்த நீர் ஓடையில் வற்றிப்போய் ஒழியும் நீர் மட்டுமல்ல. 1932 முதல் பைக்காரா நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கிறோம். கீழே மாயாறு, பவானி, அதற்கும் கீழே ஈரோட்டு வயல். புல்வெளியின் மண் பஞ்சைப்போல் மழையைக் குடித்து, கோடை முழுதும் கசியவிடுகிறது. அந்த மண்ணில் வேரை ஆழமாக இறக்கி ஆண்டு முழுக்க நீர் உறிஞ்சும் மரத்தை நிறுத்தினால் கீழே இருப்பவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பதற்குக் கிளென்மார்கன் பதில் சொல்லி முப்பது ஆண்டு ஆகிறது.

'பருவநிலை மாற்றக் காலத்தில் மரமா வேண்டாம் என்கிறாய்?' என்று கேட்பார்கள். உரிய இடத்தில் மரம் வேண்டும். அழிந்த சோலையின் ஓரத்தில் சோலை மரம் வேண்டும். நாவலும் செண்பகமும் வேண்டும். ஆனால் மலைப் புல்வெளி தன் கார்பனை மண்ணுக்கடியில் வைத்திருக்கிறது. நாற்பதாயிரம் ஆண்டுக் கார்பன் சாண்டிநல்லாச் சேற்றுக்குள் இருந்ததால்தான் சுகுமார் குழுவினரால் அதை எடுத்துப் படிக்க முடிந்தது! நிலத்தை உழுது, சதுப்பை வடித்து, மேலே மரத்தை நட்டால் அந்தச் சேறு காய்ந்து மட்கும். கார்பன் காற்றுக்குப் போகும். மேலே நிற்கும் மரமோ ஒரு காட்டுத்தீயில் போய்விடக்கூடியது. தைலமுள்ள கற்பூர மரம் எப்படி எரியும் என்று ஆஸ்திரேலியர்களைக் கேட்டால் சொல்வார்கள். மண்ணுக்குள் பத்திரமாக இருந்ததை எடுத்து மரத்தின் மேல் தொங்கவிடுவதற்குப் பருவநிலைப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தனை சான்று இருந்தும் பழைய கதை ஏன் சாகவில்லை? அரசுக் கணக்கே அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இந்திய வன அளவைத் துறை ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் மரக்கூரை இருந்தால் அதைக் காட்டுப்பரப்பு என்று எழுதுகிறது. என்ன மரம், எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அங்கே இல்லை. கிளென்மார்கன் சுற்றுவட்டாரத்துச் சீகைத் தோப்பு அந்தக் கணக்கில் காடு. பக்கத்து மேட்டில் பல்லாயிரம் ஆண்டு வயதுள்ள புல்வெளி அதே கணக்கில் காடல்லாத நிலம். ஆகவே சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் ஓர் அதிகாரி, ஏட்டில் காட்டை அழித்தவராகத் தெரிவார். புல்லை உழுது மரம் நட்டவர் காட்டுப்பரப்பைக் கூட்டியவராவார். வேறெங்கோ சுரங்கத்துக்கும் சாலைக்கும் வெட்டப்பட்ட காட்டுக்கு ஈடாக மரம் நட இடம் தேடும்போது, 'காலியாக' இருக்கும் புல்வெளி முதலில் கண்ணில் படுவதும் இதனால்தான். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க இலக்கு வைத்திருக்கிறது. அந்த இலக்கு மலைப் புல்வெளியை நோக்கித் திரும்பாதிருக்க எழுத்தில் ஒரு தடை வேண்டும். அதே அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்கும் கொள்கையையும், வரையாட்டுக்கான தனித் திட்டத்தையும் அறிவித்தது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் ஒரு கையால் சீகையை அகற்றி மறு கையால் மரக்கணக்கைக் கூட்டச் சொன்னால் களத்தில் நிற்கும் வனக்காவலர் எந்த உத்தரவைக் கேட்பார்?

அகற்றுவதும் ஒரு பருவத்து வேலை இல்லை. சீகையின் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டிப் போட்ட மறு மழையில் நெருக்கமாக முளைக்கும். தீ பட்டால் இன்னும் நன்றாக முளைக்கும். ஒப்பந்தக்காரர் மரத்தை ஏற்றிக்கொண்டு போன நாளோடு வேலை முடிந்ததாக எழுதினால், மூன்றாம் ஆண்டில் முன்பைவிட அடர்ந்த சீகைக்காடு அங்கே நிற்கும். வெட்டிய இடத்தில் நாட்டுப் புல்லின் நாற்றை ஊன்ற வேண்டும், ஆண்டுதோறும் சீகை நாற்றைக் கையால் பிடுங்க வேண்டும், பல ஆண்டுகளுக்கு அதற்குக் கூலி ஒதுக்க வேண்டும். எந்தப் புல் எந்தச் சரிவுக்கு, எந்தச் சதுப்பில் எது நிற்கும் என்பதைத் தோடர்களிடமும் படுகர்களிடமும் கேட்டு, அவர்களுக்கே அந்த வேலையையும் மேய்ச்சல் உரிமையையும் கொடுக்க வேண்டும். எங்கே, எப்போது, எவ்வளவு கொளுத்தலாம் என்பதையும் அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, வன அளவைத் துறையின் அடுத்த அறிக்கையில் மலைப் புல்வெளிக்குத் தனிக் கட்டம் ஒன்று திறந்து, அதில் ஒரு ஹெக்டேர் குறைந்தாலும் இழப்பு என்றே எழுத வேண்டும்.